திரும்பி வந்த கல்லும் திருப்பித் தராத கைகளும்

காவிரி தன் நடுவே அரங்கனைப் பள்ளிகொள்ளச் செய்த தீவுகளுள் மேல்கோடியில் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். கீழ்க்கோடியில் இருப்பது திருவரங்கம். இரண்டிற்கும் நடுவே, நம் மேச்சேரிக்கு மேற்கே சில கல் தொலைவில், அதே காவிரி 1934 முதல் மேட்டூரில் தேங்கி நிற்கிறது. இந்த ஆற்றோடு ஆங்கில நாவல் ஒன்றிற்கு உறவு உண்டு என்பதை நம்முள் பலர் அறிந்திருக்க மாட்டோம். வில்கி காலின்ஸ் 1868-ஆம் ஆண்டில் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' என்னும் நாவல், 'நிலாக்கல்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்வோம், மேல் அரங்கத்தின் வீழ்ச்சியில் தொடங்குகிறது. அதன் கருவில் கீழ் அரங்கத்தைப் பற்றிய ஒரு பழங்கதையும் கலந்திருக்கிறது.

முதலில் அந்தப் பழங்கதை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கர்நாடகப் போர்கள் நடந்த வேளை, பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய் ஒருவன் பக்தன்போல் நடித்துத் திருவரங்கக் கோவிலுக்குள் புகுந்தானாம். திருமேனியின் கண்ணாகப் பதித்திருந்த வைரத்தைப் பெயர்த்து எடுத்தானாம். சென்னையில் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனிடம் அதை விற்றுவிட்டானாம். கை மாறிக் கை மாறி அது ரஷ்யப் பேரரசி காத்தரீனின் செங்கோலில் ஏறியது என்பர். 'ஓர்லோவ்' என்னும் பெயரோடு மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகையில் இன்றும் இருக்கும் அந்த வைரம் மெய். அது அரங்கனின் கண் என்பது கதை. ஆனால் ரஷ்யச் செங்கோலின் கல் ஒருகாலத்தில் இந்தியத் தெய்வச் சிலையொன்றின் கண்ணாக இருந்தது என்பதை மெய்யாகவே நம்பிய காலின்ஸ், அதையும் கோகினூரையும் மனத்தில் வைத்தே தம் நாவலைப் புனைந்ததாக முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.

நாவலின் கதை இது. 1799 மே 4-ஆம் நாள் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்துகிறது. சூறையாடலைத் தடுக்க அனுப்பப்பட்ட அதிகாரிகளுள் ஒருவனான ஜான் ஹெர்ன்கேசில், திப்புவின் கருவூலத்தில் மூன்று இந்தியரைக் கொன்று, குத்துவாளின் பிடியில் பதித்திருந்த மஞ்சள் வைரத்தைக் கவர்கிறான். ஒருகாலத்தில் சோமநாதபுரத்துச் சந்திரதேவனின் நெற்றியில் இருந்த கல் அது. அரை நூற்றாண்டுக்குப் பின், சாகுந்தறுவாயில், அதை அவன் தன் மருமகள் ரேச்சலின் பதினெட்டாம் பிறந்தநாள் பரிசாக எழுதி வைக்கிறான். பிறந்தநாள் இரவிலேயே வைரம் காணாமற் போகிறது. யார் எடுத்தார்? அதைக் கண்டுபிடிக்க லண்டனிலிருந்து சார்ஜென்ட் கஃப் வருகிறார். வீட்டைச் சுற்றி வித்தைக்காரர் வேடத்தில் மூன்று அந்தணர் உலவுகின்றனர். ஏறக்குறைய ஐந்நூறு பக்கங்கள் நம்மை மூச்சுவிடாமல் இழுத்துச் செல்லும் கதை.

குருமட நாள்களில் இதை முதன்முறை படித்தபோது, யார் எடுத்தார் என்னும் ஒரே கேள்வியோடுதான் நானும் பக்கங்களைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் தோன்றிய முதல் துப்பறியும் நாவல் என்று டி. எஸ். எலியட் போன்ற பெருந்திறனாய்வாளர்கள் இதைப் போற்றியிருப்பதால், அப்படிப் படிப்பதே முறை என்றும் எண்ணியிருந்தேன். பல்லாண்டு ஒப்புரவு அருட்சாதனம் நிறைவேற்றும் இருக்கையில் அமர்ந்த பிறகு இதே நூலைத் திரும்ப எடுத்தபோது வேறொரு கேள்வி வந்து நின்றது. இந்நூலில் இரண்டு களவுகள் உள்ளன. ஒன்று இரத்தம் சிந்திய களவு. மற்றொன்று வீட்டுக்குள் நடந்த களவு. முதல் களவைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை. லண்டனிலிருந்து காவல் அதிகாரியை வரவழைப்பது இரண்டாம் களவுக்காக மட்டுமே. கதவில் பூசிய ஈரச் சாயம் யார் உடையில் ஒட்டியது என்பதை நுணுகி நுணுகி ஆராயும் கஃப், அந்தக் கல் இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஒருமுறையும் வாய்திறந்து கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவரைப் பணித்தவர்கள் அதைக் கேட்கச் சொல்லவில்லை.

இது ஆசிரியரின் கவனக்குறைவா? அல்ல என்றே கருதுகிறேன். முதல் களவை நம் கண்முன் நிறுத்திவிட்டுத்தானே காலின்ஸ் கதையையே தொடங்குகிறார்! ஒரு கையில் தீப்பந்தமும் மறுகையில் இரத்தம் சொட்டும் குத்துவாளுமாய் ஹெர்ன்கேசில் நிற்கும் காட்சியைக் கண்ட வாசகர், பின்னர் யார்க்ஷயர் மாளிகையின் விருந்து மேசையில் அந்தக் கல் கைக்குக் கை மாறி வியக்கப்படும்போது நெளியத்தான் வேண்டும். ஆயினும் பெரும்பாலோர் நெளிவதில்லை. நானும் நெளியவில்லை. கதையின் விறுவிறுப்பு நம் மனச்சான்றைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடுகிறது. நூலின் வெற்றியும் குறையும் ஒரே இடத்தில் இருப்பதாக நான் சொல்வது இதனால்தான்.

அந்த மாளிகையில் உள்ளவர்கள் தீயவர்கள் அல்லர். ரேச்சலின் தாய் வெரிண்டர் சீமாட்டி நேர்மையானவர். தம் அண்ணனின் கை கறை படிந்தது என்று அறிந்து, அவன் தம் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அனுமதிக்க மறுத்தவர். ஃபிராங்க்ளின் பிளேக் நல்லிளைஞன். இந்தியாவில் நெடுநாள் அலைந்த மர்த்வெயிட், அந்த அந்தணர்களின் மொழியும் நோன்பும் அறிந்தவர். இவர்கள் கூடி என்ன பேசுகிறார்கள்? கல்லை வங்கியில் பாதுகாப்பாக வைக்கலாம் என்பது ஒரு யோசனை. ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பித் துண்டு துண்டாக வெட்டிவிடலாம், வெட்டிவிட்டால் அந்தணர்களுக்கு அதன் புனிதம் போய்விடும், ஆபத்தும் தீரும் என்பது மற்றொரு யோசனை. அதைச் சொல்பவர் எல்லாம் அறிந்த மர்த்வெயிட்! ரேச்சல் அதை அணிந்துகொள்ளலாம் என்பது மூன்றாவது. வாசலில் நிற்கும் மூவரைக் கூப்பிட்டு, 'ஐயா, இது உங்களுடையதா?' என்று கேட்கலாமே என்னும் நான்காவது யோசனை அந்த வீட்டில் எவருடைய நாவிலும் எழவில்லை.

அறநெறி இறையியல் பயின்றவர்களுக்கு இது பழகிய பாடம். பிறர் பொருளைக் களவென்று அறியாமல் வைத்திருப்பவர் நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவர், அவர்மீது குற்றமில்லை. அறிந்த நொடியிலிருந்து அவர் வைத்திருப்பவர் அல்லர், பிடித்து வைத்திருப்பவர். ரேச்சல் பரிசைத் திறந்த வேளையில் குற்றமற்றவள். அவள் தாய் அவ்வளவு குற்றமற்றவர் என்று சொல்ல என்னால் இயலாது. ஹெர்ன்கேசில் எழுதிய உயில் சட்டப்படி செல்லும். குடும்ப வழக்கறிஞர் புரஃப் அதில் ஒரு குறையும் காணமாட்டார். ஆனால் தன்னுடையது அல்லாததை ஒருவர் பரிசாக எழுதி வைக்க முடியுமா? சாகுந்தறுவாயில் பாவப் பொருளை அன்பளிப்பாக மாற்றிவிடும் தந்திரம் நம் ஊர்களிலும் அறியாதது அல்ல. வழிப்பாதையை வளைத்துக் கட்டிய சுவரையும், அடகுக்கு வந்து மீளாத நகையையும் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துவிட்டு நோயில்பூசுதல் பெறுவோர் உண்டு.

போரில் கிடைத்த பொருள் வேறு, களவு வேறு என்று சொல்வாரும் உளர். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் இதே வினாவை எடுத்துக்கொள்கிறார். நீதியான போரில் கைப்பற்றியது கொள்ளையாகாது என்கிறார். ஆனால் அந்தப் போரிலும் நீதிக்காக அன்றிக் கொள்ளைக்காகப் போரிடுபவன் பேராசையால் பாவம் செய்கிறான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நீதியற்ற போரானால் அது கொள்ளையே; திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. அத்தொகுப்பின் வேறோரிடத்தில், திருப்பிக் கொடுத்தல் மீட்புக்குத் தேவையானது என்றும், காலந்தாழ்த்தாமல் கொடுக்க வேண்டும் என்றும் அவர் வரையறுக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய அவரை நம் காலத்துச் சட்டத்திற்குள் இழுத்துவர நான் முயலவில்லை. ஆனால் 1799-இல் போரிட்டது ஒரு வணிகக் கம்பெனி. சூறையாடிய சிப்பாய்களுள் சிலர் மறுநாள் தூக்கிலிடப்பட்டனர். பின்னர் பரிசுக்குழு என்ற ஒன்று முறையாக அமர்ந்து, திப்புவின் பொன் அரியணையைத் துண்டுகளாக உடைத்து, பொருள்களுக்கெல்லாம் விலை குறித்துப் பட்டியல் எழுதி, பதவி வரிசைப்படி பங்கிட்டது. தனியாக எடுத்தவனுக்குக் கயிறு. குழுவாக எடுத்தவர்களுக்குப் பங்கு. அரியணையின் உச்சியில் இருந்த ஹுமா பறவை வின்சர் கோட்டைக்குச் சென்றது. ஆங்கிலச் சிப்பாயைக் கவ்வும் மரப்புலி 1808 முதல் லண்டனில் கம்பெனியின் மாளிகையில் காட்சிப்பொருளாயிற்று. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாவலிலும் தளபதி பேர்டு, திருடுவோர் தூக்கிலிடப்படுவர் என்று பறையறைவிக்கிறார். அந்தக் கட்டளையைச் செயற்படுத்த அனுப்பப்பட்டவனே ஹெர்ன்கேசில் என்பதைக் காலின்ஸ் அழுத்திச் சொல்லாமல் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இரண்டாம் களவின் மறைபொருளை உடைக்காமல் இந்நூலைத் திறனாய்வு செய்ய இயலாது. இன்னும் படிக்காதவர்கள் பொறுத்தருள்க. கல்லை இறுதியில் விற்றுப் பணமாக்க முயன்றவன் காட்ஃப்ரி ஏபிள்ஒயிட். பெண்கள் நடத்தும் அறச்சங்கங்கள் அனைத்திற்கும் தலைவன். மேடைதோறும் உருகிப் பேசுபவன். தன் பொறுப்பில் விடப்பட்ட ஓர் இளைஞனின் சொத்தைக் கரைத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க வைரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறான். துண்டுப்பிரசுரங்களை ஊரெல்லாம் வீசித் திரியும் மிஸ் கிளாக்கின் கண்ணுக்கு அவன் புனிதன். பங்கு அலுவலகத்தில் அமர்ந்து சங்கக் கணக்குகளில் கையொப்பமிடும் என்போன்றோர் இப்பகுதியைச் சிரித்துக்கொண்டே படிப்பது எளிதன்று.

இனி முடிவு. அந்தணர் மூவரும் ஏபிள்ஒயிட்டைக் கொன்று கல்லை மீட்டுச் செல்கின்றனர். 1850-இல் கத்தியவாரில் சோமநாதபுரத்தின் அருகே, நிலவொளியில், ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நிற்க, சந்திரதேவனின் நெற்றியில் அந்த மஞ்சள் வைரம் மீண்டும் ஒளிர்வதை மர்த்வெயிட் காண்கிறார். ஆனால் கல்லை மீட்ட மூவருக்கும் அங்கே விழா இல்லை. தெய்வப் பணிக்காகக் கடல் கடந்து, வேடமிட்டு, தம் குல ஒழுக்கத்தை இழந்த அவர்கள் கழுவாயாக மூன்று திசைகளில் பிரிந்து, ஒருவரையொருவர் இனி ஒருபோதும் காணாமல், சாகும்வரை புனிதத் தலங்களுக்கு நடக்க வேண்டும். தழுவிக்கொண்டு பிரிகின்றனர், கூட்டம் விலகி வழிவிடுகிறது. ஆங்கில நாவல் இலக்கியத்தில் இந்தியரை இத்துணை மாண்போடு காட்டிய காட்சிகள் அந்நூற்றாண்டில் மிகச் சிலவே இருக்கும். 1857-இன் வெறுப்பு இன்னும் ஆறாதிருந்த காலத்தில் இதை எழுதிய காலின்ஸின் துணிவுக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் என் முறையீடும் இங்கேதான் தொடங்குகிறது. கல் திரும்பிவிட்டது; எவரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல. பறிகொடுத்தவர் தம் முயற்சியால் மீட்டுக்கொண்டால் பொருள் உரிய இடம் சேர்ந்துவிடுகிறது. எடுத்தவரிடம் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. இந்நாவலில் கொலைப் பாவமும் இந்தியருக்கு, கழுவாயும் இந்தியருக்கு. யார்க்ஷயர் மாளிகையினரோ கல் தொலைந்ததால் நிம்மதி அடைந்து, திருமணம் முடித்து, குழந்தைப் பேற்றுக்குக் காத்திருக்கின்றனர். சக்கேயு அத்திமரத்திலிருந்து இறங்கி வந்து நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னபோதுதான் இயேசு அந்த வீட்டிற்கு மீட்பு வந்ததை அறிவித்தார். ஏமாற்றப்பட்டவர்கள் இரவோடிரவாக வந்து சக்கேயுவின் பெட்டியை உடைத்துத் தம் பணத்தை எடுத்துச் சென்றிருந்தால், அவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும்; சக்கேயு மரத்திலேயே இருந்திருப்பார்.

போரில் கவர்ந்த புனிதப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு விவிலியம் தரும் முதல் எடுத்துக்காட்டு யார்? நாம் மதிக்காத பெலிஸ்தியர். சாமுவேல் முதல் நூலில், உடன்படிக்கைப் பேழையைப் போரில் கைப்பற்றித் தங்கள் தாகோன் கோவிலில் வைத்த அவர்கள், கொள்ளைநோயால் வாடி, அதை அனுப்பிவிட முடிவு செய்கின்றனர். அச்சத்தால்தான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெறுங்கையோடு அனுப்பலாகாது என்று அவர்களுடைய குருக்களே எச்சரிக்கின்றனர். குற்றநீக்கக் காணிக்கையாகப் பொன்னாலான கட்டிகளும் எலிகளும் செய்து, பெட்டியில் வைத்து, பால் தரும் இரண்டு பசுக்கள் பூட்டிய புதிய வண்டியில் பேழையோடு அனுப்பினர். கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு வண்டியிழுக்கும் அந்தப் பசுக்கள் கதறிக்கொண்டே நேராக நடந்ததை, மாடு வளர்க்கும் நம் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலின்ஸின் நாவலில் இல்லாதது அந்த வண்டிதான்.

வரலாற்றின் விந்தை ஒன்று. இந்நாவல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வெளிவந்துகொண்டிருந்த அதே வேளையில், 1868 ஏப்ரல் 13-ஆம் நாள், பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்ற ஆங்கில இந்தியப் படை எத்தியோப்பியாவின் மக்தலா மலைக்கோட்டையை வீழ்த்தியது. அங்கே கொள்ளையிடப்பட்டது உலக மீட்பர் பெயரால் அமைந்த கிறிஸ்தவ ஆலயம். கையெழுத்துச் சுவடிகள், பொன் கிண்ணம், சிலுவைகள், மணிமுடி ஆகியவற்றைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. பின் திறந்தவெளியில் ஏலம். பணம் படையினருக்குப் பங்கு. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றிய தொடரைப் படித்துக் கண்கலங்கிய வாசகர்களே, அடுத்த பக்கத்துச் செய்தித்தாளில் இந்த வெற்றியைக் கொண்டாடியிருப்பர்.

அக்கொள்ளையில் போனவற்றுள் 'தபோத்து' எனப்படும் பீடப்பலகைகளும் உண்டு. எத்தியோப்பியத் திருச்சபையில் இவை உடன்படிக்கைப் பேழைக்குள் இருந்த கற்பலகைகளின் அடையாளம். அருட்பொழிவு பெற்ற குருக்கள் தவிர எவரும் காணலாகாது. பிரித்தானிய அருங்காட்சியகம் தன்னிடமுள்ள 11 தபோத்துகளை எவருக்கும் காட்டுவதில்லை. அவற்றின் புனிதத்தை மதித்துத் தன் ஊழியரும் பாராதபடி மூடி வைத்திருக்கிறது. காட்டவும் இயலாத பொருளை எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எடின்பரோவில் உள்ள ஆங்கிலிக்க மரபு ஆலயம் ஒன்று வேறுவிதமாகச் செய்தது. ஆலய அலமாரி ஒன்றில் கிடந்த பலகையின் உண்மையை அங்கே பணியாற்றிய குரு கண்டுகொள்ள, 2002-இல் அந்தப் பங்கு அதனை எத்தியோப்பியாவுக்குத் திருப்பியளித்தது. அடிஸ் அபாபாவில் மக்கள் வெள்ளமாய்த் திரண்டு அதை வரவேற்றனர். அரசுகள் கூடிப் பேசி முடிக்காததை ஒரு பங்கு செய்து முடித்தது.

இந்த நாவலைப் பற்றி எங்கள் பங்கின் இளைஞர் கூட்டமொன்றில் பேசியபோது ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: 'சாமி, திப்பு நம் கத்தோலிக்கரைச் சிறைபிடித்தவர் அல்லவா? அவருடைய பொருள் போனால் நமக்கென்ன?' கேள்வி நேர்மையானது. 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் 1799-இல் விடுதலை பெற்றனர். சிதறிய அம்மந்தையைத் திரட்ட அங்கே சென்ற அபே துபுவா, நம் சேலம் மறைமாவட்டத்திற்கு முதல் ஆயரைத் தந்த அதே பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சார்ந்தவர். நம் சேலம், ஓமலூர்ப் பகுதிகளும் 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்தவைதாம். அந்தத் துயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இளைஞருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: திருப்பிக் கொடுப்பது பெறுகிறவரின் நற்குணத்திற்கு நாம் வழங்கும் பரிசு அன்று. அது கொடுக்கிறவரின் கடன்.

அவர் அமர்ந்துவிட்டார், நிறைவு பெற்றாரா என்று தெரியவில்லை. அடுத்து ஒன்றைச் சொன்னேன். அது எனக்கே சொல்லக் கடினமானது. 1560-இல் போர்ச்சுக்கீசியர் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தனர். மன்னார் மறைசாட்சிகளைக் கொன்ற சங்கிலி மன்னனைத் தண்டிப்பது அப்படையெடுப்பின் நோக்கங்களுள் ஒன்று. கொள்ளையில் கிடைத்தவற்றுள், புத்தரின் பல் என்று மக்கள் வணங்கிய ஒரு திருப்பண்டமும் இருந்தது. பெகு நாட்டு அரசன் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தான். விற்பதா, அழிப்பதா என்று கோவாவில் ஆலோசனை நடந்தது. விற்றால் சிலை வழிபாட்டிற்குத் துணைபோவதாகும் என்றார் பேராயர் கஸ்பார்; தம் கையாலேயே உரலில் இட்டு இடித்து, நெருப்பில் சுட்டு, சாம்பலை ஆற்றில் கலந்தார் என்று போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகு தோ கூத்தோ எழுதி வைத்திருக்கிறார். மெய்யான பல் தங்களிடமே தப்பியது என்று இலங்கைப் பௌத்தர் நம்புகின்றனர். கண்டியில் அது வணங்கப்பட்டு வருகிறது. பணத்திற்கு மயங்காத பேராயரின் உறுதியைப் புகழ்ந்தே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. இன்று யார்க்ஷயர் மாளிகையின் பேச்சை நினைத்துக்கொண்டு கோவாவின் பேச்சைப் படித்துப் பாருங்கள். விற்கலாம், உடைக்கலாம். இங்கும் பேச்சு அவ்விரண்டையே சுற்றி வந்தது.

திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. அக்டோபர் 7-ஆம் நாள் செபமாலை அன்னையின் திருநாளைக் கொண்டாடும் நமக்கு 1571-இன் லெப்பாந்தோ வெற்றி மறக்கக்கூடியதன்று. அப்போரில் கைப்பற்றிய துருக்கியக் கொடியொன்று நானூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைய நம்மிடம் இருந்தது. 1965-இல், வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில், திருத்தந்தை ஆறாம் பவுல் அதைத் துருக்கிக்குத் திருப்பியளித்தார். செபமாலை பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அருங்காட்சியகப் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிச் செய்தியாளர் கேட்டபோது, ஏழாம் கட்டளையைத்தான் நினைவூட்டினார். நம் மறைக்கல்விச் சிறுவர் அறிந்ததற்கு மேல் அவர் எதையும் சொல்லவில்லை.

யாரிடம் கொடுப்பது என்னும் கேள்வி எளிதானதல்ல. காலின்ஸும் அதை அறிந்திருக்கிறார். அவருடைய கதையில் திப்புவே அக்கல்லின் உரிமையாளர் அல்லர். ஔரங்கசீப்பின் காலத்தில் படைத்தலைவன் ஒருவன் கோவிலிலிருந்து பறித்தது, கைமாறித் திப்புவின் வாளுக்கு வந்தது. ஆங்கிலேயர் மனம் மாறித் திப்புவின் மைந்தர்களிடம் கொடுத்திருந்தாலும் அது உரியவரைச் சேர்ந்திராது. இத்தகைய சிக்கல்களைக் காட்டியே பல அருங்காட்சியகங்கள் காலங்கடத்துகின்றன. ஆராய மனமிருந்தால் வழி இல்லாமலில்லை. 1765-இல் கண்டி அரண்மனையிலிருந்து டச்சுப் படை கவர்ந்து சென்ற அணிகலன் போன்ற சிறு பீரங்கி ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. அது எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை இலங்கை அறிஞர்களோடு சேர்ந்து ஆய்ந்து, வாள்கள் இரண்டும் கத்தியொன்றும் துப்பாக்கிகள் இரண்டும் சேர்த்து ஆறு பொருள்களை 2023-இல் நெதர்லாந்து திருப்பியளித்தது.

எஸ்ரா நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எருசலேம் கோவிலிலிருந்து நெபுகத்னேசர் கொள்ளையிட்ட பாத்திரங்களைச் சைரசு மன்னர் திருப்பியனுப்பும்போது, அவருடைய கருவூலர் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கிறார்: பொன் தட்டுகள் இத்தனை, வெள்ளித் தட்டுகள் இத்தனை, கிண்ணங்கள் இத்தனை, ஆக 5,400. வாசிக்கச் சலிப்பூட்டும் பகுதி என்று நாம் தாண்டிச் செல்வது வழக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பரிசுக்குழுவும் இப்படித்தான் எண்ணி எண்ணி எழுதியது, பங்கிடுவதற்காக.

'நிலாக்கல்' நாவலைக் கட்டாயம் படியுங்கள். ஆங்கிலம் சற்றுப் பழையது. கிழவர் பெட்டரெட்ஜின் குரல் பழகிவிட்டால் பிறகு தடையிராது. படித்து முடித்தபின், சோமநாதபுரத்து நிலவொளியில் மனம் நிறைந்திருக்கும்போதே நூலை மூடிவிடாமல், முதற்பகுதியை இன்னொருமுறை புரட்டுங்கள். ஹெர்ன்கேசிலின் உறவுமுறைச் சகோதரன் ஒருவன் 1799-இல் இந்தியாவிலிருந்து தன் குடும்பத்தாருக்கு எழுதும் கடிதம் அது. தீப்பந்தத்தையும் வாளையும் கண்டவன் அவன். கொலை செய்ததை நேரில் காணவில்லை என்பதால் பொதுவில் குற்றம் சாட்டத் தன்னிடம் சான்றில்லை என்கிறான். ஹெர்ன்கேசிலோடு இனித் தனக்கு உறவில்லை என்று மட்டும் உறுதியாக எழுதுகிறான். கடிதம் வீடு சேர்ந்தது. குடும்பத்தார் ஹெர்ன்கேசிலுக்குக் கதவை அடைத்தனர். அவனிடமிருந்த கல்லைப் பற்றி, அது பிறந்தநாள் பரிசாக அதே கதவு வழியே உள்ளே வரும்வரை, அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.